அறுநூறு தோட்டாக்களை உடைத்த வியாழக்கிழமை

போன மாதம் ஜோசப் போன் செய்தார். நாகர்கோவில்காரர். வளைகுடாவில் நான் பத்தொன்பது வருடம் வேலை பார்த்த துப்பாக்கி சுடும் கிளப்பில் இப்போது அவர்தான் ஆயுத அறைக்குப் பொறுப்பு. இனிமேல் கம்பெனித் தோட்டா மட்டும்தான் என்று முடிவாகிவிட்டதாம், நாங்கள் தோட்டா நிரப்பிய பழைய அறையைக் காலி செய்கிறார்களாம். அலமாரியில் ஒரு ரெஜிஸ்டர் கிடைத்திருக்கிறது. முழுக்க இங்கிலீஷ், ஒரே ஒரு பக்கம் மட்டும் தமிழ்.

"அறுநூறையும் உடைத்தோம்னு எழுதியிருக்கு. கீழ உருதுல ஒரு கையெழுத்து. என்ன அண்ணே இது, ஏதாவது தகராறா?" என்று கேட்டார்.

போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் பாண்டி, மேலூர்ப் பக்கம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு டயர் கடைக்கு வேலைக்குப் போனேன். டயர் மாற்றும்போது சக்கரம் ஆடாமல் சுழல அதன் விளிம்பில் கிளிப் போட்டு மாட்டியிருக்கும் பழைய எடைக் கட்டிகளைப் பிடுங்கி ஒரு வாளியில் போடுவோம். மாதம் ஒரு முறை ஒரு வயதான பாகிஸ்தான்காரர் பிக்கப்பில் வந்து அந்த வாளியை வாங்கிப்போவார். ஒல்லியான ஆள், நரைத்த தாடி, கண்ணாடி கயிற்றில் தொங்கும். வாங்கியதை அப்படியே கொண்டுபோக மாட்டார். வெயிலில், பிளாட்பாரத்து விளிம்பில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டியையும் குறட்டால் கடித்துப் பார்ப்பார். குறடு மெத்தென்று பதிந்தால் ஈயம், அதை எடுத்துக்கொள்வார். பதியாவிட்டால் துத்தநாகம், ஓரமாக வைப்பார். இரண்டு மாதம் பார்த்தேன். மூன்றாவது மாதம் அவர் வரும் முன்பே நான் குறட்டால் கடித்துப் பிரித்து இரண்டு வாளியாக வைத்திருந்தேன். அவர் ஈய வாளிக்குள் கையை விட்டு, அடியிலிருந்து பத்துப் பதினைந்து கட்டிகளை எடுத்துச் சோதித்தார். பிறகு யார் பிரித்தது என்று கேட்டார்.

அவர்தான் சுபேதார் அஸ்லம். அவருடைய நாட்டு ராணுவத்தில் ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, அங்கே கிளப்பின் ஆயுத அறைக்குப் பொறுப்பாளராக வந்தவர். ஆறு மாதத்தில் எனக்கு விசா கொடுத்த முதலாளியான கஃபீலிடம் பேசி, போலீஸ் சோதனையெல்லாம் முடித்து, என்னை அங்கே எடுத்துக்கொண்டார்.

நாங்கள் பேசிக்கொண்டது ஹிந்தியில். எனக்கு டயர் கடையில் வந்த ஹிந்தி, அவருக்கு உருது. லேபர் என்றாலே எல்லோரும் 'தூ', அதாவது 'நீ' என்று கூப்பிடும் இடத்தில் அவர் முதல் நாளிலிருந்து என்னை 'ஆப்', 'நீங்கள்' என்றார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. தப்பு நடந்தால் திட்ட மாட்டார், கேள்வி கேட்பார். பதில் தெரியாமல் நிற்பதை விடத் திட்டு வாங்குவது எவ்வளவோ மேல் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

கிளப்பில் பயிற்சிக்கும் போட்டிக்கும் சுடுவது பெரும்பாலும் பாயிண்ட் முப்பத்தெட்டு ரிவால்வர். ஒரு தோட்டாவில் நான்கே பொருள்: பித்தளைக் கேஸ், அதன் அடியில் நெருப்புக் கொடுக்கும் ப்ரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் ஈயக் குண்டு. சுட்ட பிறகு கேஸ் மட்டும் மிஞ்சும். அதைப் பொறுக்கி, சுத்தம் செய்து, மற்ற மூன்றையும் புதிதாகப் போட்டால் மறுபடி தோட்டா. முதல் நான்கு மாதம் மருந்து இருக்கும் அலமாரிப் பக்கமே அவர் என்னை விடவில்லை. ஈயம் மட்டும்தான்.

ஈயத்தை வெளியே, நாலு பக்கமும் திறந்த ஷெட்டில் உருக்குவோம். ஏசி அறையில் ஏன் கூடாது என்று முதல் வாரம் கேட்டேன். அவர் ஏசியின் அடியில் தொங்கிய ஒரு சொட்டுத் தண்ணீரைக் காட்டி, இது கொதிக்கும் ஈயத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்று திருப்பிக் கேட்டார். தெரியாது என்றேன். சட்டைக் கையை மடித்துக் காட்டினார். முழங்கை வரை சிறு சிறு வெள்ளைத் தழும்புகள். ஒரு சொட்டு நீர் ஆவியாகி ஈயம் முழுவதையும் மேலே தூக்கி அடித்த தழும்புகள் அவை. அன்றிலிருந்து ஆகஸ்ட் வெயிலிலும் நெற்றியில் துண்டைக் கட்டி, முழுக்கைச் சட்டை, தோல் கையுறை, முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு என்றுதான் நிற்பேன். வியர்வை ஒரு சொட்டுக்கூட பானைக்குள் விழக்கூடாது.

ஈயம் உருகியதும் இரும்பு கிளிப்புகளெல்லாம் மேலே மிதக்கும். கரண்டியால் எடுத்துவிட்டு, ஒரு துண்டு மெழுகு போட்டுக் கிளறினால் அழுக்கு கறுப்பாகத் திரண்டு வரும். அதையும் வழித்தால் அடியில் கண்ணாடி மாதிரி ஈயம். அதை அள்ளிக் குண்டு அச்சில் ஊற்றுவேன். அச்சு சூடேறும் வரை விழும் குண்டுகள் சுருங்கிப்போய் இருக்கும், அவற்றைத் திரும்பப் பானையில் போட வேண்டியதுதான். பிறகு ஒன்று மாதிரி ஒன்று, பளபளவென்று துணி மேல் விழும். ஒரு காலையில் நானூறு குண்டு வார்ப்பேன். அது முடிந்ததும் கை, முகம், நகக்கண் எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையை மாற்றாமல் அறைக்குள் வரக்கூடாது. ஷெட்டிலும் அறையிலும் டீ, பிஸ்கட் எதுவும் கிடையாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். பத்தொன்பது வருடமும் என் ரிப்போர்ட் சுத்தமாக இருந்தது. இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

ஐந்தாவது மாதம் மருந்து அறைக்குள் கூப்பிட்டார். ஜன்னல் இல்லாத அறை, ஒரு மேஜை, ஒரு தராசு. மேஜை மேல் எந்த நேரமும் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் கை மாறும். ஐம்பது குழி உள்ள மரத் தட்டில் ஐம்பது கேஸ் நிற்கும். மருந்து அளக்கும் கருவியின் பிடியை ஒரு முறை இழுத்தால் ஒரு கேஸுக்கான மருந்து விழும். பத்துக்கு ஒன்றைத் தராசில் போட்டுப் பார்ப்போம். ஐம்பதும் முடிந்ததும் டார்ச்சை எடுத்து வரிசை வரிசையாக ஒவ்வொரு கேஸுக்குள்ளும் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் குண்டு. ரிவால்வர் மருந்து ரொம்பக் கொஞ்சம், கேஸில் பாதிகூட வராது. அதனால்தான் ஆபத்து. இரண்டு மடங்கு விழுந்தாலும் வழியாது. பார்க்காவிட்டால் தெரியவே தெரியாது.

இன்னொரு சட்டமும் உண்டு. மருந்து போடும்போது யாராவது குறுக்கே பேசினால், பதில் சொல்லும் முன் அந்தத் தட்டின் மருந்து முழுவதையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். பேசுவது கிளப்பின் முதலாளியே ஆனாலும் சரி.

இந்தச் சட்டத்தைத்தான் நான் ஒரு நாள் மீறினேன்.

நான் அங்கே சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை காலை பெரிய போட்டி, வெளியிலிருந்து இரண்டு கிளப் வருகிறது. புதன்கிழமை நான் தனியாக நிரப்பிக்கொண்டிருந்தேன். சுபேதார் ரேஞ்சில் இருந்தார். மத்தியானம் மூன்று மணி இருக்கும், மேனேஜர் ஃபாரிஸ் நான்கைந்து விருந்தினர்களோடு உள்ளே வந்துவிட்டார். நல்ல மனிதர், கிளப்பை யாருக்காவது காட்டுவதென்றால் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். இதோ நாங்களே தயாரிக்கிறோம் என்று சொல்லி, குண்டு எப்படி, கேஸ் எப்படி என்று என்னைக் காட்டச் சொன்னார். தட்டில் பாதி மருந்து போட்டிருந்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் பத்து நிமிஷம் விளக்கினேன். கோட் போட்ட ஒருவர் என் கையைக் குலுக்கினார். அவர்கள் போன பிறகு, விட்ட இடம் என்று நினைத்த இடத்திலிருந்து பிடியை இழுத்தேன். கொட்டவில்லை. கை குலுக்கிய சந்தோஷத்தில் கொட்டத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு ஷெட்டுக்குப் போனேன். பானைக்குப் பக்கத்துக் கம்பியில் என் டார்ச் தொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் ஒன்றும் தோன்றவில்லை. பிறகு கால் நின்றுவிட்டது. முந்தின நாள் சாப்பாட்டு நேரத்துக்கு முன் அச்சில் ஏதோ அடைத்திருக்கிறதா என்று பார்க்க அந்த டார்ச்சை நான்தான் ஷெட்டுக்குக் கொண்டுவந்தேன். திரும்ப எடுத்துப்போகவில்லை. அப்படியென்றால் மத்தியானத்துக்குப் பிறகு நிரப்பிய பன்னிரண்டு தட்டில் எதற்குள்ளும் நான் டார்ச் அடித்துப் பார்க்கவில்லை. ஆனால் பார்த்த மாதிரியே ஞாபகம் இருந்தது. தினமும் செய்கிற வேலை அப்படி. செய்யாத அன்றும் செய்ததாக மனசு சொல்லிவிடும்.

பன்னிரண்டு தட்டு, அறுநூறு தோட்டா. எல்லாவற்றையும் துடைப்பதற்காக ஒரே தொட்டியில் கொட்டி, பிறகு பெட்டிகளில் அடுக்கியாகிவிட்டது. மேனேஜர் வந்தபோது இருந்த தட்டு எது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

டார்ச்சை எடுத்து அறையில் அதன் ஆணியில் மாட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பு வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அடுத்த மாதம் எனக்கு லீவ். மகள் பிறந்து பதினொரு மாதம், இன்னும் முகத்தைப் பார்க்கவில்லை. வேலை போனால் ஊருக்குப் போவது வேறு மாதிரிப் போவதாகிவிடும். ஆனால் மறுநாள் காலையில் அந்தத் தோட்டாக்களைக் கையில் பிடிக்கப் போகிறவர்கள் முகம் ஒவ்வொன்றாக வந்தது. டார்ச்சோடு நேரே சுபேதாரின் ரூமுக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.

அவர் தொழுகை முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். டார்ச்சை முன்னால் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். விருந்தினர்கள் வந்ததையும், தட்டைக் கொட்டாததையும் விடவில்லை. வழக்கம் போல ஒரு கேள்விதான் கேட்டார்.

"இந்த அறுநூறில் ஒன்றை உங்கள் தம்பி கையில் கொடுப்பீர்களா?"

"மாட்டேன் சாப்."

எழுந்து செருப்பை மாட்டினார். "அப்படியென்றால் உடைக்கலாம்" என்றார்.

மேனேஜரிடம் அவரே போய்ச் சொன்னார். ஃபாரிஸ் ஓடிவந்தார். போட்டிக்கு ஒரு நாள்தான் இருக்கிறது, வெளியில் தோட்டா வாங்குவதென்றால் அனுமதிக் காகிதம் வர ஒரு வாரம் ஆகும். அறுநூறு இல்லாமல் போட்டி நடக்காது. என் லீவ் கேன்சல், போட்டி நின்றால் விசாவும் கேன்சல் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பிறகு கொஞ்சம் அடங்கி, உடைப்பானேன், தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தால் எடை கூடினது தெரிந்துவிடுமே என்றார்.

நியாயமான யோசனைதான். சுபேதார் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். எங்கள் கேஸ்கள் நாலைந்து கம்பெனியுடையவை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு எடை. கையால் வார்த்த குண்டும் துளித்துளி வித்தியாசப்படும். அந்த வித்தியாசமெல்லாம் சேர்ந்தால் உள்ளே இருக்கிற மொத்த மருந்தை விட அதிகம். தராசு நல்லதைக் கெட்டது என்று சொல்லும், கெட்டதை நல்லது என்றும் சொல்லும். மேனேஜர் ஒரு தோட்டாவை எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்த்தார். குலுக்கினால் மருந்து இருப்பது தெரியும், எவ்வளவு என்று தெரியாது. அதையும் சொன்னேன். அவர் தோட்டாவைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

ஏழு மணிக்குத் தொடங்கினோம். அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் சுத்தியல் உண்டு, தலை உள்ளே காலியாக இருக்கும். தோட்டாவை அதில் மாட்டி மரக்கட்டையில் இரண்டு மூன்று தட்டு தட்டினால் குண்டு கேஸை விட்டுக் கழன்று, மருந்தோடு சுத்தியலுக்குள்ளேயே விழும். அதை வெள்ளைக் காகிதத்தில் கொட்டி அளவைப் பார்த்துவிட்டு, மருந்தைத் தண்ணீர் வாளியில் போடுவோம். அவர் ஒரு சுத்தியல், நான் ஒரு சுத்தியல். அவருக்கு அறுபது தாண்டிய வயது. மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டார். தட்டுகிற சத்தம் மட்டும்.

நூறு, இருநூறு எல்லாம் சரியாகவே இருந்தது. சரியாக இருக்க இருக்க எனக்குப் பயம் கூடியது. ஒன்றுமே கிடைக்காவிட்டால் சும்மா ஒரு கிளப்பின் போட்டியைக் கெடுத்தவன் ஆவேன்.

முந்நூறு தாண்டி என் சுத்தியலிலிருந்து ஒரு குண்டு மட்டும் காகிதத்தில் உருண்டது. மருந்து இல்லை. சுத்தியலைத் திருப்பித் தட்டினேன். ஒரு துகள்கூட இல்லை.

மேனேஜர் அப்போது உள்ளே வந்திருந்தார். இவ்வளவுதானா, மருந்து இல்லாத தோட்டா வெடிக்காது, சுடுகிறவர் வேறொன்று போட்டுக்கொள்வார், இதில் என்ன ஆபத்து என்றார். சுபேதார் மருந்து இல்லாத ஒரு தோட்டாவை அங்கேயே செய்தார், ப்ரைமரும் குண்டும் மட்டும். ஒதுக்கி வைத்திருந்த ஒரு பழைய ரிவால்வரை எடுத்துக்கொண்டு மூவருமாக ரேஞ்சுக்குப் போனோம். அதை இரும்புப் பிடியில் பொருத்தி, எங்களைத் தடுப்புக்குப் பின்னால் நிறுத்தி, கயிற்றால் விசையை இழுத்தார். 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம், தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கும் பொட்டு வெடி மாதிரி. எதிரில் இருந்த காகிதத்தில் ஓட்டை இல்லை. ரிவால்வரைத் திறந்து காலி செய்து, குழலின் வாய் வழியாக ஒரு பித்தளைக் கம்பியை விட்டார். கம்பி பாதியில் நின்றது. குண்டு குழலுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

"போட்டியில் சுடுகிறவர் இதைச் சத்தம் குறைவு என்றுதான் நினைப்பார், ஃபாரிஸ் சாப். அவசரத்தில் அடுத்ததை அழுத்துவார். அது இதன் முதுகில் வந்து இடிக்கும், குழலே வெடிக்கும்" என்றார் சுபேதார்.

மேனேஜர் அந்தக் கம்பியைத் தன் கையால் ஒரு முறை உள்ளே விட்டுப் பார்த்தார்.

அறைக்குத் திரும்பியதும் சுபேதார் என்னிடம் அடுத்த கேள்வியைக் கேட்டார். இந்தக் கேஸுக்கு வர வேண்டிய மருந்து எங்கே போனது? நான் அந்தக் கேஸை வெறுமனே தாண்டியிருந்தால் போகட்டும். ஆனால் மருந்து அளவுக் கருவியிலேயே சிக்கி நின்று, அடுத்த கேஸில் இரண்டாகச் சேர்ந்து விழுந்திருந்தால்? மறுபடி சுத்தியலை எடுத்தோம். மேனேஜர் கோட்டைக் கழற்றிவிட்டு ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, உடைத்ததை எண்ணி வாளியில் போட ஆரம்பித்தார்.

இன்னும் எழுபது எண்பது போயிருக்கும். சுபேதாரின் காகிதத்தில் மருந்து மேடாக விழுந்தது. மற்றதெல்லாம் ஒரு சிட்டிகை. இதைப் பார்த்ததும் மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது. தராசில் வைத்தார். சரியாக இரண்டு மடங்கு.

கிளப்பின் ரிவால்வர்களில் சில பழையவை. அவற்றில் ஒன்றில் இது போயிருந்தால் சுடுகிறவர் கையிலேயே வெடித்திருக்கும். மேனேஜர், இரண்டும் கிடைத்துவிட்டதே, மீதியை விட்டுவிடலாமா என்று மெதுவாகக் கேட்டார். முடிவை என்னிடம் விட்டுவிட்டுச் சுபேதார் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

"இல்ல சார். மத்த தட்டையும் நான் பார்க்கல. அறுநூறையும் உடைக்கணும்" என்றேன்.

என் வேலைக் காலத்தில் நான் சொன்ன நல்ல வாக்கியம் அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஒரு மணிக்கு அறுநூறும் உடைந்திருந்தது. வேறு தப்பு எதுவும் இல்லை. ப்ரைமர்கள் கேஸிலேயே இருந்ததால் பாதி வேலை மிச்சம். கேஸ்களின் வாயை மறுபடி லேசாக விரித்து, புதுக் குண்டுகளை எடுத்து, தட்டுத் தட்டாக நிரப்பினோம். நான் மருந்து போட்டு டார்ச் அடித்துப் பார்ப்பேன், பிறகு அவர் வாங்கிப் பார்ப்பார், பிறகுதான் குண்டு. அறை வாசலில் மேனேஜர் தானே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒருவரையும் உள்ளே விடவில்லை. பொழுது சாயும்போது கடைசிப் பெட்டியை மூடினோம்.

ரெஜிஸ்டரில் இதை எழுதச் சொன்னார் சுபேதார். இங்கிலீஷில் இவ்வளவு எழுத வராது என்றேன். உங்கள் கைக்கு எது நேராக வருமோ அதில் எழுதுங்கள் என்றார். தமிழில் எழுதினேன். என் தப்பு எது, எத்தனை உடைத்தோம், என்ன கிடைத்தது, எல்லாம். அவருக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. நான் படித்து ஹிந்தியில் சொல்ல, தலையாட்டிவிட்டு அடியில் உருதுவில் கையெழுத்துப் போட்டார். ஜோசப், நீங்கள் பார்த்தது அதுதான்.

வெள்ளிக்கிழமை போட்டி நல்லபடி நடந்தது. ஒரு தோட்டாகூட மக்கர் பண்ணவில்லை. பரிசெல்லாம் கொடுத்து முடிந்த பிறகு மேனேஜர் என்னை ரேஞ்சுக்குக் கூப்பிட்டனுப்பினார். லைசென்ஸ் விஷயங்களைப் பார்க்கும் போலீஸ் அதிகாரி ஒருவர் பக்கத்தில் நின்றார். மேனேஜர் முந்தின நாள் நடந்ததை அவரிடம் சொல்லியிருக்கிறார். அதிகாரி என்னிடம், மூன்று வருடத்தில் எத்தனை முறை சுட்டிருக்கிறாய் என்று கேட்டார். ஒரு முறையும் இல்லை என்றேன். எங்களுக்கு அனுமதி கிடையாது, நானும் கேட்டதில்லை. இன்றைக்கு என் பொறுப்பில், நேற்று நிரப்பியதில் ஆறு சுடட்டும் என்றார் அதிகாரி.

சுபேதார் பின்னால் நின்று என் தோளைத் திருப்பி, காலை அகட்டி வைக்கச் சொன்னார். முதல் தடவை விசையை இழுத்தபோது கண்ணை மூடிவிட்டேன். ரிவால்வர் கையை உதைத்தது. பிறகு கண்ணைத் திறந்தே சுட்டேன். ஆறும் முடிந்து காகிதத்தைக் கொண்டுவந்தார்கள். ஒரே ஒரு ஓட்டை, அதுவும் மூலையில். அதிகாரி சிரித்துவிட்டார், நானும் சிரித்தேன். சுபேதார் காகிதத்தைப் பார்க்கவே இல்லை.

"நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன், சார்" என்று அதிகாரியிடம் சொன்னார். "ஆறு தோட்டா. ஆறுக்கும் ஒரே மாதிரி சத்தம்."

கேன்சல் செய்த லீவைத் திருப்பித் தந்து, ஓட்டை விழுந்த காகிதத்தையும் மேனேஜர் என்னிடம் கொடுத்தார். அடுத்த மாதம் லீவில் அதைப் பெட்டிக்குள் மடித்து வைத்துக்கொண்டுதான் ஊருக்கு வந்தேன். காலி கேஸ்களை வெளியே கொண்டுபோக யாருக்கும் அனுமதி இல்லை. நான் சுட்ட ஆறையும் தரையிலிருந்து பொறுக்கி எடுத்து, சனிக்கிழமை காலையில் மற்றவற்றோடு சேர்த்துச் சுத்தம் செய்து, மறுபடி நிரப்பினேன்.